‘புக்கு லாமா, 1 லாட்’: ஏலத்துக்கு வரும் தோட்டத்துப் புத்தகங்கள்

கோல சிலாங்கூர் – ஏலப் பட்டியலில் அலமாரிக்கு ஓர் எண் இருக்கும். தையல் இயந்திரத்துக்கு ஓர் எண் இருக்கும். உடைந்த மின்விசிறிக்குக்கூட ஓர் எண் இருக்கும். புத்தகங்கள் மட்டும் பெரும்பாலும் கடைசியில் ஒரே வரியாக வரும்: ‘புக்கு லாமா, 1 லாட்’. அதாவது பழைய புத்தகம், ஒரு கட்டு. என்ன மொழி, எத்தனை நூல், எந்த ஆண்டு என்ற விவரம் எதுவும் இருக்காது.

பட்டியல் எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. ஏலம் கேட்க வந்தவர்களில் பலருக்கும் தெரியாது. யாரும் கேட்காவிட்டால் அந்தக் கட்டு எடைக்குப் போகும். பழைய பேப்பருக்குக் கிலோவுக்குக் கிடைப்பது சில பத்து காசு. அங்கிருந்து அது காகிதக் கூழ் ஆலைக்குப் போய்விடும். அந்தக் கட்டுக்குள் 1930களில் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ அச்சான ஒரு தமிழ் நூல் இருந்தால், அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் அந்த இடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் மட்டுமே.

பழைய நாணயம், தபால்தலை, மண்ணெண்ணெய் விளக்கு, எனாமல் தூக்குச்சட்டி ஆகியவற்றைத் தேடி நம்மவர்கள் ஏலத்துக்குப் போகிறார்கள். புத்தகத்துக்காகப் போகிறவர்கள் குறைவு. போக நினைப்பவர்களுக்கு ஏலம் எப்படி நடக்கிறது, பெட்டியைத் திறந்ததும் எதைப் பார்ப்பது, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை விளக்கவே இக்கட்டுரை. கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை, இந்தப் பக்கம் பெஸ்தாரி ஜெயா, பத்தாங் காலி, உலு சிலாங்கூர் வரை உள்ள தோட்டத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது.

ஒரே ஊர், இரண்டு விதமான புத்தகம்

இந்த வட்டாரத்தில் பிறந்த ஒரு புத்தகம் உலகப் புகழ் பெற்றது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்தார். கோல சிலாங்கூருக்கு அருகே ரந்தாவ் பஞ்சாங்கில் நிலம் வாங்கி ரப்பர் நட்டார். 1917இல் அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா பகுதியில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டில் வணிக முறையில் நடந்த முதல் செம்பனைப் பயிர் அதுதான். தோட்டத்தின் பெயரே தமிழ். யார் அங்கே வேர்வை சிந்தினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தம் தோட்ட வாழ்க்கையை வைத்து ஃபோகோனியே எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே ‘தி சோல் ஆஃப் மலாயா’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. பழைய நூல் வியாபாரிகளுக்கு இந்தப் பெயர் தெரியும். முதல் பதிப்பு எது, அட்டை உறை இருக்கிறதா என்று பார்த்து அவர்கள் விலை சொல்வார்கள். எந்த ஏலத்திலும் அது ‘புக்கு லாமா’ கட்டுக்குள் புதைந்து போகாது.

அதே காலத்தில் இதே தோட்டங்களின் லயத்து வீடுகளிலும் புத்தகங்கள் இருந்தன. தகரப் பெட்டியில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில், கிராணியார் வீட்டு அலமாரியில், பள்ளிக்கூடத்து ஆசிரியரின் மேசையில் அவை கிடந்தன. அவற்றுக்கு விலைப்பட்டியல் இல்லை. முதல் பதிப்பு எது என்று சொல்ல ஆளும் குறைவு. ஒரு நூலின் கடைசிப் பிரதி அழிந்தாலும் அழிந்தது என்று நமக்குத் தெரிய வராது.

தோட்டத்தில் எதைப் படித்தார்கள்?

‘தோட்டத்தில் யார் புத்தகம் படித்தார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்றவை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்பதற்கென்றே பெரிய எழுத்தில் அச்சடிக்கப்பட்டவை. சென்னையில் அச்சாகிக் கப்பலேறி வந்தன. அவற்றோடு பஞ்சாங்கம், சித்த வைத்திய நூல், தேவாரத் திரட்டு, சினிமாப் பாட்டுப் புத்தகம் எல்லாம் வந்தன.

இங்கேயே அச்சானவையும் உண்டு. 1917இல் க. வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’யை மலேசியாவின் முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 வரை வந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயா வந்தார். அதை ஒட்டிச் சீர்திருத்தச் சிறுநூல்களும் துண்டறிக்கைகளும் புழங்கின. 1950களின் தொடக்கத்தில் ‘தமிழ் நேசனில்’ சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு பலரை எழுத வைத்தது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ‘சங்கமணி’ என்ற தமிழ் இதழை நடத்தியது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வந்தபோது, அங்கே தமிழ் நூலகம் அமைக்க சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அன்றைய தோட்டக் கூலியில் ஒரு வெள்ளி சின்னத் தொகை அல்ல. பல்கலைக்கழகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர்களின் வீட்டுப் புத்தகங்கள்தாம் இன்று எடைக்குப் போகின்றன.

எப்படிச் சிதறின?

மூன்று அலைகள் என்று சொல்லலாம். 1950, 60களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. பல்லாயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். கப்பலில் ஏறுகிறவர் துணிமணியையும் பாத்திரத்தையும்தான் பார்ப்பார். புத்தகப் பெட்டி பக்கத்து வீட்டில் தங்கிவிடும். மூன்றாவது அலையை நாமே பார்த்திருக்கிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறுகிற குடும்பத்துக்கு, தாத்தாவின் தகரப் பெட்டியை வைக்க இடம் இல்லை.

அப்போதுதான் ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லாரி வருகிறது.

எந்த ஏலத்துக்குப் போவது?

மலாய் மொழியின் ‘லெலோங்’ போர்த்துகீசியச் சொல்லான ‘லெய்லாவ்’ என்பதிலிருந்து வந்தது. நம்முடைய ‘ஏலம்’ என்ற சொல்லும் அதே வழியில் வந்ததே என்பது அகராதியாளர்கள் கருத்து. ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று கோயில் திருவிழாவில் சாமிக்குச் சாத்திய சேலையையும் பழத்தையும் ஏலம் விட்டுப் பழகிய நமக்கு ஏலம் புதிதல்ல. ஆனால் பொருள் ஏலத்தின் நடைமுறை சற்று வேறு.

தீபகற்ப மலேசியாவில் ஏலம் நடத்துபவர்களை 1929ஆம் ஆண்டு ஏல விற்பனைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் பெற்ற ஏலதாரர்தான் பொது ஏலம் நடத்த வேண்டும். புத்தகம் தேடுபவர் கவனிக்க வேண்டிய ஏலங்கள் சில வகை.

முதலாவது, வாடகை பாக்கிக்காக நீதிமன்ற உத்தரவின் பேரில் நடக்கும் ஏலம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வாடகை கட்டாத கடையின் பொருள்களைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். மூடிப்போன அச்சகம், புத்தகக் கடை, பூசைப் பொருள் கடை ஆகியவற்றின் சரக்கு இப்படி வெளியே வரும். கடைக் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தால் நாள் தெரியும்.

இரண்டாவது, அரசு சொத்துக் கழிவு. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சொத்தாகப் பதிவான பொருள்களை நினைத்தபடி தூக்கிப் போட முடியாது. ஏலம், விலைக்குறிப்பு, டெண்டர், அன்பளிப்பு என்று அதற்கு வழிமுறைகள் உள்ளன. பழைய நூலகப் புத்தகங்கள் இந்த வழியில் கழிக்கப்படும்போது, பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்கூட்டியே கேட்டால், ஏலத்துக்கே போகாமல் அன்பளிப்பாகப் பெற வாய்ப்பு உண்டு. கேட்க வேண்டிய நேரம் கழிவுப் பட்டியல் தயாராவதற்கு முன்புதான்.

மூன்றாவது, தோட்ட அலுவலகம், பழைய பங்களா, கிடங்கு ஆகியவற்றைக் காலி செய்யும் விற்பனை. இங்கே பொருள்கள் மொத்தமாக ஒரு குத்தகையாளருக்குப் போகும். இரும்பும் மரமும் அவருக்கு வேண்டும், காகிதம் வேண்டாம். அவரிடம் நேரடியாகப் பேசினால் ஏலத்துக்கு அவசியமே இருக்காது.

நான்காவது, முகநூலில் நடக்கும் ஏலக் குழுக்கள். நாணயம், தபால்தலை, பழம்பொருள் குழுக்களில் அவ்வப்போது தமிழ்க் காகிதங்களும் தலைகாட்டும். விற்பவருக்கு மொழி தெரியாததால் படம் தலைகீழாக இருப்பதும் உண்டு. நான் பார்த்த சிலவற்றில் ‘பழைய இந்திய எழுத்து’ என்று மட்டுமே குறிப்பு இருந்தது. பெட்டாலிங் ஜெயா ஆம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தை ஏலம் அல்ல என்றாலும், சிலாங்கூர் முழுவதிலிருந்தும் இப்படிப்பட்ட பொருள்கள் வந்து சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வையிட ஒரு நாளோ சில மணி நேரமோ ஒதுக்குவார்கள். புத்தகம் தேடுபவருக்கு ஏல நாளைவிட அந்த நாள்தான் முக்கியம். ஏலம் தொடங்கிய பிறகு கட்டைப் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்பது விதி. வாங்கிய பிறகு கரையான் அரித்திருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க முடியாது. ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டா, முன்பணம் எவ்வளவு, எந்த நாளுக்குள் எடுத்துப் போக வேண்டும் என்ற மூன்றையும் பார்வை நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும்

கையுறையைவிட முகக்கவசம் அவசியம். பூஞ்சை பிடித்த காகிதம் மூச்சுக்கு ஆகாது. கைப்பேசியின் விளக்கு போதும். முதலில் மேலே இருக்கும் பளபளப்பான அட்டைகளை ஒதுக்கிவிட்டு, அடியில் அட்டை இல்லாமல் கிடப்பவற்றை எடுங்கள். அரிய நூல்களுக்குப் பெரும்பாலும் அட்டை போயிருக்கும்.

தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும் இருந்தால் வேலை சுலபம். அச்சகத்தின் ஊரைப் பாருங்கள். சென்னை, மதுரை என்றால் அதன் வேறு பிரதி எங்காவது இருக்க வாய்ப்பு அதிகம். பினாங்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, கிள்ளான் என்றிருந்தால் கீழே வைக்காதீர்கள். முகவரியில் ‘எஃப்.எம்.எஸ்.’ என்றிருந்தால் அது ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்பதன் சுருக்கம். போருக்கு முந்திய அச்சாக இருக்கும். ‘மலாயா’ என்றிருந்தால் பெரும்பாலும் 1963க்கு முன். ‘மலேசியா’ என்றிருந்தால் அதற்குப் பின்.

முன்பக்கம் கிழிந்து போன நூலுக்கும் வயது கணிக்கலாம். கல்லூரியில் சுவடி, அச்சு வரலாறு படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவை இங்கே உண்மையாகவே பயன்படுகின்றன.

விலையைப் பாருங்கள். இந்திய நூலில் ‘அணா’ என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அந்த மாதம்தான் இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ‘நயா பைசா’ என்று அச்சடித்தார்கள். இங்கே அச்சான நூலில் ‘வெள்ளி’, ‘காசு’ என்றிருக்கும். ரிங்கிட் என்பது 1975இல் அதிகாரப்பூர்வமான பிறகும் நாம் பேச்சில் வெள்ளியை விடவில்லை என்பதால் இந்தச் சொல்லை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது.

எழுத்தைப் பாருங்கள். லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த கொம்போடு இருந்தால் அது பழைய எழுத்து முறை. தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை மூலம் இவை இன்றைய வடிவத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் அச்சகத்தில் ஈய எழுத்துகள் தீரும்வரை பழைய வடிவமே ஓடும். மலேசிய அச்சகங்களில் அதற்குப் பிறகும் பழைய எழுத்தைப் பார்க்கலாம். எனவே இது தோராயக் கணக்கு.

பக்க எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழில் இருந்தால் நூல் மேலும் பழையதாக இருக்கக்கூடும். தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் அது நல்ல தடயம். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் ‘பிரபவ’ என்றிருந்தால் 1867, 1927, 1987 ஆகியவற்றில் ஒன்றின் ஏப்ரலில் தொடங்கும் ஆண்டு. காகிதத்தையும் எழுத்து வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் எது என்பது விளங்கிவிடும்.

அடுத்து முத்திரைகள். பள்ளி, வாசகசாலை, மணிமன்றம், தொழிற்சங்கக் கிளை, கோயில் என்று ஊதா மையில் வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். இன்று இல்லாத ஒரு தோட்டத்தின் பெயரும், அங்கே ஒரு வாசகசாலை இருந்தது என்ற செய்தியும் அந்த முத்திரையில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். பள்ளி முத்திரை இருந்தால் கழிவு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது முறையாகக் கழிக்கப்பட்டதா என்று விசாரிப்பது நல்லது.

அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலில் எழுதியவற்றை அழுக்கு என்று அழித்துவிடாதீர்கள். பெயர், தோட்டம், டிவிஷன், தேதி. சில நேரம் மளிகைக் கடன் கணக்கு, குழந்தை பிறந்த நேரம், பெரட்டுக்கு வராத நாள்கள். தோட்ட வரலாறு எழுதுபவர்களுக்கு நூலைவிட அந்தப் பென்சில் எழுத்து மதிப்பு மிக்கதாக இருக்கக்கூடும். பக்கங்களுக்கிடையில் கடிதம், ரசீது, நோட்டீஸ் இருந்தால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு எடுங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்?

இங்கே அச்சான பழைய தமிழ் நூல்களுக்கு நிலையான சந்தை விலை என்று ஒன்று இல்லை. அதனால் வாங்குபவருக்குச் சாதகமும் உண்டு, ஏமாறும் வாய்ப்பும் உண்டு. பார்வை நாளிலேயே உங்களுக்குள் ஓர் உச்ச வரம்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் எதிரே ஒருவர் கேட்கக் கேட்க ரத்தம் சூடேறும். கோயில் ஏலத்தில் எலுமிச்சம்பழம் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். கோயிலில் கூடுதலாகக் கொடுத்தால் அது திருப்பணிக்குப் போகும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

எதிரே கேட்பவர் யார் என்று தெரிந்துகொள்வதும் பயன் தரும். பலர் பெட்டிக்காகவோ, அதே லாட்டில் இருக்கும் ஆங்கில நூல்களுக்காகவோ கேட்பார்கள். ஏலம் முடிந்ததும் அவரை அணுகி, ‘அங்கிள், தமிழ்ப் புத்தகத்தை மட்டும் எனக்குக் கொடுங்க’ என்று கேட்டால் சிறு தொகைக்குத் தந்துவிடக்கூடும். பழைய பேப்பர் கிடங்குக்காரரிடமும் இதே அணுகுமுறைதான். எடை விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, தமிழ் எழுத்து உள்ளவற்றை ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். தமிழ் எழுத்து எப்படி இருக்கும் என்று ஒரு பத்திரிகைத் துண்டை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

‘அரிய நூல்’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பவர்களிடம் கவனம் தேவை. பாரதியார், திருக்குறள், கம்ப ராமாயணம் ஆகியவற்றின் மலிவுப் பதிப்புகள் பழையவையாக இருந்தாலும் அரியவை அல்ல. மாறாக, இருபது பக்கக் கோயில் கும்பாபிஷேக மலர், தமிழர் திருநாள் சிறப்பு மலர், பள்ளி ஆண்டு இதழ் போன்றவற்றை யாரும் அரியவை என்று சொல்லமாட்டார்கள். அவைதாம் வேறெங்கும் கிடைக்காதவை.

போர்டு எழுதியவர் சேர்த்த நூலகம்

இப்படித் தேடுவதால் ஆகப்போவது என்ன என்று கேட்பவர்களுக்கு ரோஜா முத்தையாவின் கதை ஒன்று போதும். காரைக்குடிக்கு அருகே கோட்டையூர்க்காரர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது அவர் தொழில். 1950 வாக்கில் பழைய தமிழ் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார். நல்ல நூல், மட்டமான நூல் என்று பிரிக்கவில்லை. இலக்கண நூலோடு சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், சிறுநூல், வார இதழ் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது நூல்கள் மட்டும் ஏறத்தாழ 50,000, இதழ்கள் தனி.

அந்தத் தொகுப்பும் சிதறியிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைக்க ஏற்பாடு செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாறு, நாடகம், சினிமா பற்றி ஆராய்பவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. அவர் வாழ்ந்த காலத்தில் பழைய நூல் தேடுவோரின் சொர்க்கமாக இருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீப்பிடித்து எரிந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. தோட்டத்துப் புத்தகங்கள் அழிவது தீயில் அல்ல என்பதால் செய்தியாவதில்லை.

மலேசியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன் 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கும் முன், நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் 1886 முதல் நூல் பதிவுச் சட்டம் இருந்தது. அங்கே பதிவான பல நூல்கள் லண்டனுக்குப் போய் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இந்த வலைகள் எதிலும் சிக்காமல் சின்ன அச்சகத்தில் இருநூறு, முந்நூறு பிரதி அடித்து விற்றவை ஏராளம். அவற்றுக்கு வீட்டுப் பெட்டிகளைத் தவிர வேறு காப்பகம் கிடையாது.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

வெயிலில் காய வைக்க வேண்டாம். பழைய காகிதம் அப்பளம் போல் நொறுங்கிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் மருந்து தெளிக்காமல், நூலைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாதபடி கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டால், உள்ளே ஈரம் கோக்காது. கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டக் கூடாது. சில ஆண்டுகளில் அது பழுப்பு நிறக் கறையாக மாறி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேட் செய்வது அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த கம்பிகளை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வைத்தால் போதும்.

பிறகு படம் எடுங்கள். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம், முத்திரைகள், கையெழுத்துகள். இந்த ஐந்தும் இருந்தால் நூலகர் ஒருவர் அது ஏற்கெனவே எங்காவது உள்ளதா என்று தேடிச் சொல்ல முடியும். மலாயாப் பல்கலைக்கழக நூலகமும் தேசிய நூலகமும் முதலில் கேட்க வேண்டிய இடங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய ‘தமிழ் முரசு’ இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. உங்களிடம் உள்ள நூலுக்கு விளம்பரமோ மதிப்புரையோ வந்திருந்தால் ஆண்டைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க அது உதவும்.

முழு நூலையும் வருடி இணையத்தில் போடுவதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. மலேசியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகு மேலும் 50 ஆண்டுகள் நீடிக்கும். 1960களில் எழுதிய ஒருவர் 1990இல் காலமாகியிருந்தால் உரிமை இன்னும் அவர் குடும்பத்துக்குத்தான். குடும்பத்தைத் தேடிக் கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: வேறு பிரதிகளும் கையெழுத்துப் படிகளும் அங்கே இருக்கக்கூடும்.

ஏலத்துக்கு வரும் முன்பே பிடிப்பதுதான் மலிவான வழி. உறவினர் யாராவது வீடு மாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அந்த வாரமே போய் உட்காருங்கள். ‘பாட்டி, பழைய புத்தகம் இருக்கா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா’ என்றுதான் பதில் வரும். பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் கோயில் நோட்டீசும் புத்தகம் என்று அவர்கள் நினைப்பதில்லை. ‘தாத்தா பெட்டில என்ன வெச்சிருந்தாரு?’ என்று கேட்டுப் பாருங்கள். பெட்டி வெளியே வரும்.

கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் பெயரோ முத்திரையோ உள்ள பழைய தமிழ் நூல்கள் வைத்திருப்பவர்கள், மேலே சொன்ன ஐந்து படங்களையும் இந்தப் பக்கத்துக்கு அனுப்பலாம். நூலை அனுப்ப வேண்டாம். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாருடைய புத்தகம் என்பதை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள்.